பந்த் அன்று எடுத்த எட்டு ஜிபி

கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதுதான் உயிர் போகிற வேலை. ஹைதராபாத்தில் நான் பார்த்த உத்தியோகத்தை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கேட்பவர்கள் நான் ஏதோ கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையில் இருந்தேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இருந்தது மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு, அவற்றை நிறுத்தாமலேயே மெமரி கொடுப்பதும் எடுப்பதும் என் வேலை.

எங்கள் சர்வர் அறையில் பெரிய இரும்புப் பெட்டிகள் சில இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருபது கம்ப்யூட்டர்கள். உண்மையில் இருபது கிடையாது. ஒரே பெட்டியை இருபதாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் நீ ஒரு தனி மெஷின் என்று நம்பவைத்திருந்தோம். ஒரு வீட்டைத் தடுப்புப் போட்டு நாலு குடித்தனத்துக்கு விட்டது போல. சமையலறை நமக்கு மட்டும்தான் என்று நாலு குடித்தனமும் நினைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும் அவஸ்தை. அந்த வீட்டுக்காரன் வேலை எனக்கு.

ஒரு மெஷினுக்கு மெமரி போதவில்லை என்றால் கூட்டிக் கொடுக்க அரை நிமிடம் ஆகாது. ஓர் எண்ணை மாற்றி என்டர் தட்டினால் போதும், மெஷின் ஓடியபடியே வாங்கிக்கொள்ளும். நன்றி சொல்லாது, அவ்வளவுதான். எடுப்பது அப்படியில்லை. நேராகக் கையை விட்டு எடுக்க முடியாது, மெஷின் செத்துவிடும். அதற்காக ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு சின்ன புரோகிராமை உட்கார வைத்திருப்போம். அதற்குப் பெயர் பலூன். எனக்கு எட்டு ஜிபி வேண்டும் என்றால் அந்தப் பலூனை எட்டு ஜிபி அளவுக்கு ஊதச் சொல்வேன். அது தன் வீட்டிலேயே இருக்கும் ஒரு சாதாரண புரோகிராம் என்று நம்பி மெஷின் இடம் விடும். விட்ட இடத்தை நான் வெளியே எடுத்து வேறொருவனுக்குக் கொடுப்பேன். பயிற்சி வகுப்பில் இதை விளக்கிய ஆள் ஏதோ மந்திரம் காட்டுகிற மாதிரி புன்னகைத்தார். எனக்கு அன்றைக்கே அது கொஞ்சம் திருட்டுத்தனமாகத்தான் பட்டது. பிறகு பழகிவிட்டது.

மெஷின்களை விடவும் மனிதர்கள்தான் என்னை வதைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா டீமுக்கும் ஒரு படிவம் அனுப்புவேன். இப்போது இருப்பது எவ்வளவு, தேவை எவ்வளவு, திருப்பித் தரக்கூடியது எவ்வளவு, குறிப்பு ஏதாவது. நாலே கட்டங்கள். இதை நிரப்ப இவர்களுக்கு நாலு நினைவூட்டல் மெயில் வேண்டும். பதில் வந்தால் எல்லோரும் சொல்லிவைத்தது போல ஒன்றையே எழுதுவார்கள். இருப்பது பதினாறு, தேவை முப்பத்திரண்டு, திருப்பித் தரக்கூடியது பூஜ்யம். ஒரு புண்ணியவான் எட்டு மாதமாக யாருமே உள்ளே போகாத ஒரு மெஷினுக்கு 'மிக அவசரம்' என்று குறிப்பு எழுதி அனுப்பினான். நேரில் போய்க் கேட்டேன். எதற்கும் இருக்கட்டும் சார் என்றான். ஆளாளுக்கு எதற்கும் இருக்கட்டும். என்னிடம் இருந்தது எதற்கும் போதாத பெட்டிகள்.

எங்கள் மேனேஜர் லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், செகந்திராபாத்தில் தமிழ்ச் சபையில் பெரிய பேர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கிரிக்கெட் ஆடிய மைதானத்தில் உருது என்று வளர்ந்ததால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் யார் வந்து என்ன கேட்டாலும் "ஹவ், குடுத்துடலாம்" என்று சொல்லிவிடுவார். பிறகு என்னைக் கூப்பிடுவார். எங்கிருந்து கொடுப்பது சார் என்று கேட்டால், "எங்கயாவது எடு பா. கைக்கு இவ்ளோ யோசிக்கிற? டென்ஷன் நக்கோ" என்பார். ஹைதராபாத் உருதுவில் ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம். டென்ஷன் எனக்கு. நக்கோ அவருக்கு.

லோத்குண்டாவில் என் வீட்டிலிருந்து மாதாப்பூருக்குத் தினமும் பைக்கில் ஒன்றேகால் மணி நேரம். கன்டோன்மென்ட் மரங்களுக்கு நடுவே முதல் பத்து நிமிடம்தான் நிம்மதி, அதன்பின் புகையும் ஹாரனும். அந்தப் பாதை முழுவதும் மனதுக்குள் யாருக்காவது காரசாரமாக மெயில் எழுதிக்கொண்டே போவேன். ஆபீஸில் உட்கார்ந்ததும் 'தங்கள் கனிவான கவனத்துக்கு' என்று ஆரம்பிப்பேன்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு படிவம் வேறு மாதிரி வந்தது. 'இருப்பது இருபத்துநாலு. தேவை இருபது. நாலு எடுத்துக்கொள்ளலாம். கணக்கு இணைத்திருக்கிறேன்.' கூடவே ஒரு தாளில், எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு வேண்டும் என்று வரி வரியாகக் கூட்டிக் காட்டியிருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து, அனுப்பியது யார் என்று தேடிப் போனேன்.

தூத்துக்குடிப் பெண். என் இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி, தூணை ஒட்டி அவள் இடம். என்னை விடப் பத்து வயது சின்னவள். முதல் நாளிலிருந்தே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள். உங்களைப் போல் நாலு பேர் இருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது என்றேன்.

"தேவையில்லாததை வச்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன் அண்ணாச்சி. வேற யாருக்கும் உதவும்லா" என்றாள்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அந்த நாலு ஜிபியை அன்றே எடுத்து, அலறிக்கொண்டிருந்த இன்னொரு டீமுக்குக் கொடுத்தேன். அவள் மெஷின் இருபதில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கணக்கு அத்தனை துல்லியம்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது, வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பழைய பதிவுகளைப் புதிய முறைக்கு மாற்றும் வேலை. மூன்று கட்டங்கள். ஒரு கட்டம் முழுதாக முடிந்தால்தான் அது சேமிக்கப்படும். நடுவில் அறுந்தால் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். கடைசிக் கட்டம் மட்டும் இரவு பகலாக ஏழு நாள்.

அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். கணவர் கப்பலில் வேலை பார்த்தார், எங்கோ கடலில் இருந்தார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அழைத்துப்போக அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்து, அவள் தோழிகளோடு தங்கியிருந்த மாதாப்பூர் பிளாட்டில் இருந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, அவரைச் சித்தப்பா வீட்டில் ஒரு வாரத்துக்கென்று விட்டுவிட்டு வந்திருந்தார் அந்த அம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில். அடுத்த புதன்கிழமை ஊரில் வளைகாப்பு. அந்த வாரத்துக்கு மேல் நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசிக் கட்டம் வெள்ளிக்கிழமை காலை முடியும். முடிந்ததும் சரிபார்த்து, அவள் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வேறு யாராவது பார்க்கட்டுமே என்று கேட்டதற்கு மேனேஜர், "இதோட ரூல்ஸ் எல்லாம் உனக்குத்தான் தெரியும் மா, முடிச்சுட்டுப் போயிடு" என்றாராம். அவளும் நாளை எண்ணி, கட்டத்தை எண்ணி, எல்லாம் ரயிலுக்குள் அடங்கும்படிதான் ஆரம்பித்திருந்தாள்.

வியாழக்கிழமை பந்த் என்று அறிவித்தார்கள். அந்த வருடங்களில் பந்த் ஒன்றும் புதிதில்லை. மாதாப்பூர் ஆபீஸ்களில் அதற்கென்றே ஒரு நடைமுறை உண்டு. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து நுழைகிறவர்கள் எல்லோரும் ஒரே மெஷின் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வாசல் மெஷினுக்குப் பதினாறு ஜிபி கூடுதலாக வேண்டும். இது புதன்கிழமை சாயங்காலமே தெரிந்திருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன். மேனேஜருக்குத் தெரிந்தும் இருந்தது. எனக்குச் சொன்னது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, போனில்.

நான் அன்று விடிகிற நேரத்துக்கே, மறியல் ஆரம்பிக்கும் முன்பு பைக்கில் வந்துவிட்டேன். மாடி காலியாகக் கிடந்தது. ஏசி சத்தமும், எங்கோ ஒரு மேஜையில் யாரோ மறந்துவைத்த கடிகாரமும் கேட்டன. அவளும் வந்திருந்தாள். நடந்து வருகிற தூரம்தான். ஓட்டம் முடிகிறவரை அதைப் பார்க்காமல் இருக்க மனசு கேட்கவில்லை என்றாள். டிபன் பாக்ஸில் அம்மா கொடுத்த இட்லியில் எனக்கும் ரெண்டு வைத்தாள்.

"எண்பத்தெட்டு பர்சன்ட் ஆயிட்டு அண்ணாச்சி. நாளைக்கு இந்நேரம் முடிஞ்சிரும்" என்றாள்.

பத்து மணி போனுக்குப் பிறகு என் பாடு திண்டாட்டம். மற்ற டீம்களுக்கெல்லாம் மெயில் போட்டேன். உங்கள் மெஷினிலிருந்து தற்காலிகமாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா, மாலைக்குள் திரும்பத் தந்துவிடுகிறேன். ஒருவனும் பதில் போடவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. எட்டு மாதமாகத் தூங்கும் மெஷினின் சொந்தக்காரன் மட்டும் எடுத்தான். இப்போது தொடாதீர்கள் சார் என்றான், பின்னால் டிவி சத்தம் கேட்டது. இன்னொரு பக்கம் வீட்டிலிருந்து நுழைய முடியாதவர்கள் புகார் மேல் புகார் போட்டார்கள். மேனேஜர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, "ஆச்சா?" என்றார். அங்கே இங்கே சுரண்டி எட்டு தேற்றினேன். இன்னும் எட்டு வேண்டும்.

அப்போதுதான் அவள் மெஷினைத் திறந்து பார்த்தேன். மொத்தம் இருபது, அதில் பத்தொன்பது உபயோகத்தில். அந்தப் பத்தொன்பதில் பதினொன்று 'கேஷ்' என்று காட்டியது. கேஷ் என்றால், மெஷின் சும்மா கிடக்கிற இடத்தில், மறுபடி தேவைப்படலாம் என்று பழைய கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது. யாராவது இடம் கேட்டால் அந்த நிமிடமே தூக்கிப் போட்டுவிட்டு இடம் கொடுக்கும். உபயோகத்தில் என்று காட்டினாலும் அது காலி இடம்தான். மெமரி நிரம்பிவிட்டது என்று பதறி வருகிறவர்களிடம் இதை நூறு தடவையாவது நக்கலாக விளக்கியிருப்பேன். கேஷைப் பார்த்துப் பயப்படுகிறவன் கற்றுக்குட்டி என்பது என் சித்தாந்தம்.

ஆகவே எட்டு எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்தேன். மூன்று மிச்சம் இருக்குமே.

அவள் நாற்பது அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய், எட்டு எடுத்துக்கொள்ளட்டுமா அம்மா என்று கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பந்த், அவசரம், மேனேஜர் எல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சால்ஜாப்பு. மற்ற எல்லோரிடமும் கேட்டேன். அவளிடம்தான் கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தவள். கொடுத்தவளிடம் கேட்க வேண்டியதில்லை என்று எனக்கே தெரியாமல் நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. பதினொன்றரை மணிக்குப் பலூனை ஊதினேன். எட்டு ஜிபி வந்தது. வாசல் மெஷினுக்குக் கொடுத்தேன். புகார்கள் நின்றன. மேனேஜர், "ஹவ், இப்படித்தான் இருக்கணும்" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. டேட்டாபேஸ் தன் எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவாக ஒரு பெரிய இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த இடத்தையும் மெஷின் 'கேஷ்' என்ற தலைப்பில்தான் சேர்த்துக் காட்டும். ஆனால் அது தூக்கிப்போடக் கூடிய பழைய பிரதி இல்லை, புழக்கத்தில் இருக்கிற இடம். அந்தப் பதினொன்றில் ஒன்பது அதுதான். நான் காலி என்று நினைத்து எடுத்தது, அவள் வேலை நின்றுகொண்டிருந்த தரையை. அவள் எனக்கு அனுப்பிய கணக்குத் தாளில் 'டேட்டாபேஸ் பொது இடம், ஒன்பது' என்று இரண்டாவது வரியிலேயே எழுதியிருந்தது. அந்தத் தாள் என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

பன்னிரண்டரைக்கு அவள், "இது என்ன, அசைய மாட்டேங்குது" என்று தனக்குள் சொல்வது கேட்டது. காலி மாடியில் எல்லாம் கேட்கும். அவள் மெஷினைத் திறந்து பார்த்தேன். மெஷின் மெமரியில் இடமில்லாமல், இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் மெஷின் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று உடனே பலூனிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டேன். எட்டும் திரும்பப் போய்ச் சேர ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த நிமிடத்துக்குள் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, உள்ளே இருந்ததிலேயே பெரிய புரோகிராமைத் தேடிப் பிடித்துக் கொன்றுவிட்டது. ஆறு நாள் ஓடிய ஓட்டம் அது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கை மேஜை மேல், ஒரு கை வயிற்றின் மேல். பிறகு என் இடத்துக்கு நடந்து வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க என் மெஷின்ல எதையும் மாத்துனியளா?"

"இல்லம்மா. நான் ஒண்ணும் தொடலயே" என்றேன்.

யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் தலையை ஆட்டினாள்.

"இருபதும் அப்படியேதான் இருக்கு. பொறவு எப்படி மெமரி இல்லன்னு சாவும்?" என்று கேட்டாள். அதற்கான பதிவு மெஷினுக்குள் இருந்தது, எந்த நொடியில் எவ்வளவு குறைந்தது என்பது உட்பட. அதைப் பார்க்க அவளுக்கு அனுமதி கிடையாது. அனுமதி கொடுக்கிறவன் நான். பார்க்கிறேன் அம்மா என்றேன்.

அவள் திரும்பிப் போய், கடைசிக் கட்டத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். இன்னும் ஏழு நாள். அதன்பின் மொட்டை மாடிப் படிக்கட்டுக்குப் போய் அம்மாவிடம் போனில் பேசினாள். கண்ணாடிக் கதவு வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் பேசவில்லை. வந்து உட்கார்ந்து, மீதி இருந்த இட்லியை மூடி வைத்தாள்.

மேனேஜரிடம் சொல்லி அவளை அனுப்பிவிட நான் பாடுபட்டேன் என்று எழுத ஆசைதான். போய்க் கேட்டேன், உண்மை. ஒரே ஒரு தடவை. "பாவம்தான் பா, எனக்குத் தெரியாதா. கிளையன்ட் அந்தப் பொண்ணு கையெழுத்துதான் கேக்கறான்" என்றார். அழுத்திக் கேட்க என்னிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது. தப்பு அவளுடையதில்லை சார், என்னுடையது. அதை நான் எடுக்கவில்லை.

அதற்கு மேல் செய்ததுதான் மோசம். ஓட்டம் ஏன் நின்றது என்று ஓர் அறிக்கை கேட்டார்கள். நான் எழுதினேன். 'பதிவுகளை மாற்றும் பணியின்போது மெமரி போதாமல் புரோகிராம் நின்றுவிட்டது. இந்த மெஷினின் மெமரி, உரிமையாளரின் வேண்டுகோளின்படி முன்னர் இருபத்துநாலிலிருந்து இருபதாகக் குறைக்கப்பட்டிருந்தது.' இரண்டு வாக்கியங்கள். பொய் என்று ஒரு சொல் அதில் கிடையாது. படிக்கிறவன், அந்தப் பெண் பெருந்தன்மை காட்டுகிறேன் என்று தேவையானதையும் கொடுத்துவிட்டாள், அதனால் விழுந்தது என்றுதான் புரிந்துகொள்வான். மேனேஜரும் அப்படித்தான் புரிந்துகொண்டார். "நல்ல பொண்ணு, ஆனா கொஞ்சம் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கணும்" என்றார். அறிக்கையின் ஒரு பிரதி அவளுக்கும் போனது. அவள் வந்து எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரயில் அவள் இல்லாமல் போயிற்று. அம்மாவும் போகவில்லை. பிரசவம் ஹைதராபாத்திலேயே என்று ஆகிவிட்டது. அப்பாவைச் சித்தப்பா வீட்டிலேயே விட்டுவைப்பதாகத் தீர்மானித்தார்கள்.

வளைகாப்பைக் குறித்த நாளிலேயே, அந்த மாதாப்பூர் பிளாட்டில் நடத்தினார்கள். சொந்தக்காரர்கள் யாரும் வர வழியில்லாததால் ஆபீஸ்காரர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தாள். எனக்கும் அழைப்பு. அண்ணாச்சி கண்டிப்பாக அண்ணியைக் கூட்டிட்டு வரணும் என்றாள். போகாமல் இருக்கத் தலைவலி, வண்டி ரிப்பேர் எல்லாம் யோசித்தேன். மனைவி விடவில்லை. ஊர்ப்பக்கத்துப் பிள்ளை, தனியாக இருக்கிறது, போகாவிட்டால் எப்படி என்றாள். அன்று முழுவதும் அவளோடு காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

பெண்கள் உள்ளே வளையல் போட்டார்கள். ஆண்கள் நாங்கள் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து, புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டோம். உள்ளேயிருந்து கண்ணாடி வளையல் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. யாரோ ஒரு லேப்டாப்பைத் திறந்து, தூத்துக்குடியில் அப்பாவைத் திரையில் கொண்டுவர முயன்றார்கள். படம் வருவதும் நின்றுபோவதுமாக இருந்தது. வேறெந்தக் கம்ப்யூட்டர் தகராறிலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பவன் நான். அன்று தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில், பாரடைஸ் சிக்னலில் நிற்கும்போது மனைவி பின்னாலிருந்து சொன்னாள்.

"அந்தப் புள்ள அழுதுருச்சுங்க. அவங்க அப்பா இடது கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணாரு, பாதியில அப்படியே நின்னு போச்சு படம்."

நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"தப்பு தன் பேர்லதான்னு சொல்லுது. இருக்குறதக் குடுத்துட்டு முழிச்சேன் அண்ணின்னுச்சு. ஆபீஸ்ல அப்படித்தான் எழுதியிருக்காங்களாமே. உங்களுக்குத் தெரியாதா?"

பச்சை விழுந்துவிட்டது என்று வண்டியை எடுத்தேன். விழவில்லை. எதிரே வந்த ஆட்டோக்காரன் திட்டினான், திட்டு வாங்கியது நிம்மதியாக இருந்தது.

அடுத்த நாள் ஒரு மெயில் எழுதினேன். அன்று பதினொன்றரைக்கு எட்டு எடுத்தவன் நான், உன் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. மூன்று வரிதான். அனுப்பவில்லை. குழந்தை பிறக்கட்டும், இந்த நேரத்தில் அவள் மனதைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தேன். குழந்தை பிறந்தது, பெண் குழந்தை, இருவரும் நலம் என்று மெயில் வந்தது. இப்போது எதற்குப் பழையதைக் கிளறுவது என்று நினைத்தேன். காரணம் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லியா தர வேண்டும்.

பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். விடுப்பின் கடைசியில் குழந்தையோடு ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தாள். எல்லோருக்கும் தூத்துக்குடி மக்ரூன் கொண்டுவந்து, மேஜை மேஜையாகப் போய்க் கொடுத்தாள். என் மேஜையிலும் ஒரு பாக்கெட் வைத்தாள்.

"அப்பா குடுத்துவிட்டாவ. வளைகாப்புக்கு வந்தவியளுக்குக் குடுன்னு."

"அப்பா எப்படி இருக்காங்கம்மா?"

"இருக்காவ. பேத்தியத் தூக்கத்தான் ஏலல. மடியில வச்சிக் குடுத்தோம்" என்றாள். அடுத்த மேஜைக்குப் போனாள். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை என்பதை அவள் போன பிறகுதான் கவனித்தேன்.

அந்த மாதம் மூன்று மாதப் படிவம் அனுப்பும் முறை வந்தது. அனுப்பினேன். இந்தத் தடவை நினைவூட்டல் போடும் முன்பே வந்த முதல் பதில் அவளுடையது.

இருப்பது இருபது. தேவை முப்பத்திரண்டு. திருப்பித் தரக்கூடியது பூஜ்யம். குறிப்பு: அனைத்தும் உபயோகத்தில் உள்ளது. கணக்குத் தாள் எதுவும் இணைக்கவில்லை.

அவள் மெஷினைத் திறந்து பார்த்தேன். பதிவுகளை மாற்றும் வேலை எப்போதோ முடிந்திருந்தது. இந்த முறை கேஷ் எது, பொது இடம் எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரியாகவே பார்த்தேன். இருபதில் அவளுக்குத் தேவைப்பட்டது ஐந்துதான். நான் தூண் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிராமல் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் எனக்கு எழுதிய முதல் பொய் அது. நான் என்னுடையதை நேரிலேயே சொல்லியிருந்தேன். வேறு யாராக இருந்தாலும் எழுந்து போய், எங்கே உபயோகத்தில் இருக்கிறது காட்டுங்கள் என்று சண்டை போட்டிருப்பேன். பெட்டியில் மிச்சமிருந்ததையெல்லாம் வழித்துப் பன்னிரண்டு தேற்றினேன். அவள் மெஷினின் எண்ணை முப்பத்திரண்டாக மாற்றி என்டர் தட்டினேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை.